டெல்லிக்குக் குடிவருபவர்களுக்கு: தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டிய காற்று வேலைகள்

வேலை மாற்றலாகி டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை கோடையிலோ மழைக்காலத்திலோ வந்து சேர்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை காற்றைக் கழுவிவிடும். வானம் நீலமாக இருக்கும். "டெல்லியின் காற்று மாசு என்று இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்?" என்று தோன்றும். அக்டோபர் பாதியில் காற்று நின்றுபோகும். நவம்பரில் பக்கத்துத் தெரு தெரியாது. அந்த வாரத்தில் கடைக்கு ஓடினால் நல்ல காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் இருப்பில் இருக்காது, இருப்பதன் விலை ஏறியிருக்கும், மருத்துவரிடம் வரிசை வாசல் வரை நிற்கும். முதல் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இருமல் மருந்தும் பதற்றமுமாகக் கழிந்த வாரங்களுக்குப் பிறகு இதை எழுதுகிறேன். நகரத்தின் காற்றை நீங்களோ நானோ சரிசெய்ய முடியாது. வீட்டில் ஓர் அறையை மட்டும் சரிசெய்ய முடியும். கையில் இருக்கும் பணமும் கவனமும் முதலில் அங்கே போகட்டும்.

செலவை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு படுக்கையறையைத் தயார்செய்யவும் நான்கு பேருக்கு முகக்கவசம் வாங்கவும் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 ரூபாய் ஆகும். இதில் பெரும்பகுதி ஒருமுறைச் செலவு. அடுத்த ஆண்டு முதல் வடிகட்டிக்கும் முகக்கவசத்துக்கும் 5,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளலாம்.

1. வீடு பார்க்கும்போதே சில கேள்விகள் (ஜூலை, ஆகஸ்ட்)

வாடகை, தண்ணீர், பள்ளித் தூரம் என்று பார்க்கும் பட்டியலில் இவற்றையும் சேருங்கள். ஆனந்த் விஹார், முண்ட்கா, ஜஹாங்கீர்புரி, வஜீர்பூர், பவானா, நரேலா, ஓக்லா போன்றவை அரசே மாசு மிகுந்த இடங்களாகக் குறித்துவைத்தவை. காஜிப்பூர், பல்ஸ்வா குப்பை மலைகளுக்கு அருகில் வாடகை மலிவாகத்தான் இருக்கும். அங்கே எப்போது தீப்பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மயூர் விஹாரில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று வருபவர்கள், பார்க்கும் வீடு காஜிப்பூருக்கு எவ்வளவு அருகில் என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இதற்காக டெல்லி முழுவதும் சல்லடை போட்டு "சுத்தமான பகுதி" தேட வேண்டாம். நவம்பரில் அப்படி ஒன்று கிடையாது. லோதி எஸ்டேட்டின் மரங்களுக்கு நடுவிலும் காற்று மாசு எண் சிவப்பாகத்தான் இருக்கும். வேறுபாடு வருவது மிக அருகில் இருக்கும் மூலங்களால்: சன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம், எதிர்மனையில் கட்டுமானம், பக்கத்தில் தந்தூர் அடுப்பு, கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர். இவை இல்லாத வீடு போதும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை மூன்று. சமையலறையில் வெளிச்சுவரோடு இணைந்த எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதா? படுக்கையறைச் சன்னல்கள் சரியாக மூடுகின்றனவா? குளியலறையில் எரிவாயு கீசர் மாட்டியிருக்கிறதா? மாட்டியிருந்தால் அதைக் கழற்றி மின்சார கீசர் வைத்துத் தரும்படி ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் செலவு உங்கள் தலையில் விழும்.

புதிதாகச் சாயம் அடித்துத் தருவதாக உரிமையாளர் சொன்னால், நீங்கள் குடிபுகுவதற்கு இரண்டு வாரம் முன்பே அடித்து, சன்னல்களைத் திறந்துபோட்டு உலரவைக்கச் சொல்லுங்கள். சாயத்திலிருந்தும் புதிய பிளைவுட் அலமாரியிலிருந்தும் வரும் ஆவி மெல்ல மெல்லத்தான் வெளியேறும். நவம்பரில் சாயம் அடித்தால் சன்னலைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

2. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலி 'சமீர்'. இலவசம். அதில் காட்டும் ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தரக் குறியீட்டை இப்படிப் படிக்க வேண்டும்: 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், 401 முதல் 500 வரை கடுமை. எட்டு மாசுப்பொருள்களை அளந்தாலும், குளிர்கால டெல்லியில் எண்ணை உயர்த்துவது பெரும்பாலும் ஒன்றுதான்: பிஎம் 2.5 என்னும் நுண்துகள். மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாத அளவுக்குச் சிறியது. நுரையீரலின் அடிவரை போகும்.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இவை. முதலாவது, மாலை 4 மணிக்கு வெளியாகும் அதிகாரபூர்வ எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. இந்த நிமிடம் வெளியே போகலாமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. அதற்கு, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் மணிவாரி பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். இரண்டாவது, நம் குறியீடு 500-ல் நின்றுவிடும். சில தனியார் செயலிகள் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துவதால் அதே காற்றுக்கு வேறு எண் காட்டும்; சில 500-ஐத் தாண்டியும் காட்டும். எது பொய் என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட வேண்டாம். இரண்டும் ஒரே துகளை வேறு வேறு அளவுகோலில் சொல்கின்றன.

ஆகவே மைக்ரோகிராமில் பாருங்கள். இந்தியத் தரப்படி ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. நம் குறியீட்டில் 300 என்றால் 120 மைக்ரோகிராம், 400 என்றால் 250. "இன்று 290-தான், பரவாயில்லை" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், அது அந்தப் பதினைந்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு.

3. படுக்கையறையை அடையுங்கள் (செப்டம்பர்)

இயந்திரம் வாங்கும் முன் ஓட்டையை அடையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய அடுக்ககங்களில் சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும்.

தேவையானவை: நகரும் அலுமினியச் சன்னலுக்குத் தூரிகை நாடா, மரச் சட்டத்துக்கு ஒட்டும் ஸ்பாஞ்சு நாடா, கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை, ஏசி குழாய் போகும் துளையை அடைக்கக் கொஞ்சம் புட்டி. ஓர் அறைக்கு 500 முதல் 1,000 ரூபாய். நீங்களே அரைநாளில் செய்யலாம். ஒட்டும் முன் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். புழுதி மேல் ஒட்டினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. குளியலறை படுக்கையறையோடு சேர்ந்திருந்தால், அதன் எக்ஸாஸ்ட் துளை வழியாகத்தான் பாதித் தூசி வரும். அந்தக் கதவை எப்போதும் மூடியே வையுங்கள்.

சமையலறையை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். எரிவாயு கீசர் உள்ள குளியலறையையும் அடைக்காதீர்கள். காரணம் ஐந்தாவது, ஆறாவது படிகளில் இருக்கிறது.

4. சுத்திகரிப்பான் வாங்குதல் (செப்டம்பர் கடைசிக்குள்)

கடைக்காரர்கள் பேசும் ஏழு அடுக்கு, ஒன்பது அடுக்கு, அயனி, புற ஊதாக் கதிர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இரண்டே விஷயம் கேளுங்கள்: நுண்துகளைப் பிடிக்கும் உண்மையான ஹெப்பா வடிகட்டியா, சி.ஏ.டி.ஆர். எவ்வளவு? சி.ஏ.டி.ஆர். என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்ற அளவு. ஹெப்பாவில் எச்13 என்ற தரம் இருந்தால் போதும். அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

கணக்கு எளிது. அறையின் காற்று மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டி வழியே போய்வர வேண்டும். உயரம் பத்தடி உள்ள அறைக்கு, தரைப் பரப்பைச் சதுர அடியில் எடுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். 12-க்கு 11 அறை 132 சதுர அடி. தேவை ஏறத்தாழ 200. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், விசிறி உச்ச வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. 'தூக்க' வேகத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கும். எனவே கணக்கில் 200 வந்தால் 300 முதல் 350 வரை உள்ளதை வாங்கி நடுவேகத்தில் ஓட்டுங்கள். சில பெட்டிகளில் கன அடிக்கணக்கில், அதாவது சி.எஃப்.எம். என்று போட்டிருக்கும், அதை 1.7-ஆல் பெருக்கினால் கன மீட்டர். "400 சதுர அடி வரை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். மணிக்கு எத்தனை முறை காற்று சுழலும் என்று வைத்து அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்று பெட்டியில் இருக்காது.

இந்த அளவு இயந்திரம் 8,000 முதல் 15,000 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும் முன் மாற்று வடிகட்டியின் விலையையும் கேளுங்கள். 2,000 முதல் 4,000 ரூபாய் சரி. இயந்திரத்தை மலிவாகக் கொடுத்துவிட்டு வடிகட்டியில் பிடுங்கும் நிறுவனங்கள் உண்டு. ஓரிரு ஆண்டில் வடிகட்டியே கிடைக்காமல் போகும் பெயர் தெரியாத நிறுவனங்களும் உண்டு. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வடிகட்டிக்கு வாரண்டி இருக்காது, மோட்டாருக்குத்தான் இருக்கும். ஓசோன் வெளியிடும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஓசோனே ஒரு மாசுப்பொருள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை: பின்மூடியைத் திறந்து வடிகட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். உறையைக் கழற்றாமலே குளிர்காலம் முழுவதும் ஓட்டி, "இதனால் ஒன்றும் பயனில்லை" என்று சொன்ன வீடுகளை எனக்குத் தெரியும். பிறகு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, திரைச்சீலை மறைக்காத இடத்தில் வையுங்கள். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவக் கூடாது. முன்னால் இருக்கும் வலையை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவலாம். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட் இயந்திரம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்தான்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, 3,000 முதல் 6,000 ரூபாயில் கையளவு பிஎம் 2.5 மானி கிடைக்கும். அவசியம் என்று சொல்ல மாட்டேன். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மூடிய அறையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் எண் பெருமளவு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். பனிமூட்டத்தில் இந்த மானிகள் ஈரத்துளியையும் தூசியாக எண்ணிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இயந்திரம் செய்யாத வேலைகளும் உண்டு. கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவையும் குறைக்காது. நான்கு பேர் ஒரே மூடிய அறையில் படுத்தால் காலையில் தலை கனக்கும். கூடத்துப் பக்கக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, இயந்திரத்தை ஒரு வேகம் கூட்டிவிடுங்கள்.

ஸ்ப்ளிட் ஏசியின் வலை பெரிய தூசிக்கு மட்டுமே. தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது, நாசா 1989-ல் சிறிய மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையை வீட்டுக்கு நீட்டிச் சொன்ன கதை. செடி அழகுக்கு வையுங்கள்.

5. சமையல், பூஜை, கொசு

வெளிக்காற்று மோசம் என்று சன்னலை மூடிவிட்டு உள்ளே நாமே புகை போட்டுக்கொள்வது தமிழ் வீடுகளில் அதிகம். தாளிப்பு, அப்பளம் பொரிப்பது, மீன் வறுவல், தோசைக்கல்லில் எண்ணெய் புகைவது ஆகிய ஒவ்வொன்றும் நுண்துகளை உடனே ஏற்றும். எரிவாயுச் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது ஆகாது. குழாய் எரிவாயுவானாலும் சிலிண்டரானாலும் இதில் வேறுபாடு இல்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட்டைப் போட்டு, இறக்கிய பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். படுக்கையறைக் கதவு மூடியிருக்கட்டும். சிம்னி வாங்குவதானால் குழாய் வழியே புகையை வெளியே தள்ளும் வகையை வாங்குங்கள்; குழாய் இல்லாத வகை எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வாயுவை உங்களிடமே திருப்பி விடும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி.

ஊதுவத்தி, சாம்பிராணி, தூப் இவற்றைச் சன்னல் மூடிய மாதங்களில் நிறுத்திவைக்க மாமியாரிடம் நான் சொன்னபோது கிடைத்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. எண்ணெய் விளக்கு ஒன்று, பூ, கற்பூரம் வேண்டுமென்றால் பால்கனியில் என்று ஒத்துக்கொண்டோம். செவ்வாய், வெள்ளி சாம்பிராணி பிப்ரவரிக்குப் பிறகு.

டெங்கு பரவும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களும் காற்று கெடும் மாதங்களும் ஒன்றோடொன்று மேற்பொருந்துகின்றன. ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுடையதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள், விலை 500 ரூபாய்க்குள்.

6. கரி அடுப்பும் எரிவாயு கீசரும்: இதில் சமரசம் வேண்டாம்

மற்ற படிகளில் ஒன்றிரண்டைத் தவறவிட்டால் இருமலோடு போகும். இது உயிர்ப் பிரச்சினை. டிசம்பர், ஜனவரியில் 'அங்கீட்டி' என்னும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடித் தூங்கியவர்கள் இறந்த செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்திருக்க முடியாது. மூடிய குளியலறையில் எரிவாயு கீசரும் இதையே செய்யும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்குக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஹீட்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, ஜனவரியில் யாரோ சொன்னார்கள் என்று கரி மூட்டுகிறார்கள். அக்டோபரிலேயே மின்சார ஹீட்டர் ஒன்று வாங்குங்கள். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை விலை கூடுதல், ஆனால் காற்றை ஊதாது, தூசியைக் கிளப்பாது. எரிவாயு கீசரைத் தவிர்க்கவே முடியாத வீட்டில், வாளியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீசரை அணைத்த பிறகே குளிக்கப் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது.

வாசலில் இருக்கும் காவலாளி இரவில் குப்பையையும் குச்சியையும் எரித்துக் குளிர்காய்வது உங்கள் சன்னலுக்கு வரும். அவரைத் திட்டிப் பயனில்லை; அவருக்கும் குளிரும். குடியிருப்போர் சங்கம் காவலர்களுக்கு மின்சார ஹீட்டர் தர வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. சங்கக் கூட்டத்தில் அக்டோபரிலேயே எழுப்புங்கள்.

7. வண்டியும் காகிதங்களும்

டெல்லி வட்டாரத்தில் காற்று மோசமாக மோசமாகக் கட்டுப்பாடுகள் நான்கு கட்டங்களாக இறுகும். இதற்கு 'கிராப்' என்று பெயர். காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அறிவிக்கும். ஏ.க்யூ.ஐ. 201-ல் முதல் கட்டம், 301-ல் இரண்டாவது, 401-ல் மூன்றாவது, 450-ஐத் தாண்டினால் நான்காவது. 2025 நவம்பரில் சில கட்டுப்பாடுகளை முந்தைய கட்டத்துக்கே நகர்த்தினார்கள். ஆகையால் இணையத்தில் கிடக்கும் பழைய அட்டவணைகளை நம்பாமல் ஆணையத்தின் அன்றைய உத்தரவைப் பாருங்கள்.

உங்களுக்கு முக்கியமானது மூன்றாம் கட்டம். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்னும் வண்டிப் புகைத் தர அளவில் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காஜியாபாத், கௌதம் புத்த நகர் (நொய்டா) மாவட்டங்களிலும் ஓடக் கூடாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம். நாடு முழுவதும் பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில். பிஎஸ்-6 2020 ஏப்ரலில். உங்கள் வண்டி எது என்பது பெரும்பாலும் ஆர்.சி.யில் இருக்கும்.

பத்தாண்டு கடந்த டீசல், பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் மீதான தடை 2014-15-ல் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றத்தில் இன்றுவரை இறுகியும் தளர்ந்தும் வருகிறது. அந்த வயதை நெருங்கும் வண்டியை ஊரிலேயே விற்றுவிட்டு வாருங்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவாவது மிஞ்சும்.

புதிய வண்டியைக் கொண்டுவருவதானால்: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கப்போகிறீர்கள் என்றால் டெல்லி எண்ணுக்கு மாற்ற வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். நிலுவை அபராதங்கள் இருந்தால் முதலில் கட்ட வேண்டும். கடனில் வாங்கிய வண்டிக்கு வங்கியின் ஒப்புதல் கடிதம் தனியாக வேண்டும். அது வருவதற்கே வாரங்கள் ஆகலாம், அதனால் மாற்றல் உத்தரவு வந்த அன்றே வங்கிக்கு எழுதுங்கள். இங்கே வந்தபின் புதிய எண்ணுக்குப் படிவம் 27, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33, காப்பீடு, பி.யூ.சி. எனப்படும் புகைச் சான்று, டெல்லி முகவரிச் சான்று. வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் ஆர்.சி.யில் இருக்கும் எழுத்துகளோடு அப்படியே ஒத்திருக்கட்டும். நம் தலைப்பெழுத்தை இங்கே விரித்தும் சுருக்கியும் முன்பின் மாற்றியும் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு எழுத்துக்காக வரிசையில் மறுபடி நிற்க வேண்டிவரும். சாலை வரியை இங்கே கட்டிய பிறகு, ஊரில் கட்டிய ஆயுட்கால வரியின் மீதிக்கு விண்ணப்பிக்கலாம். பழைய ரசீதைத் தொலைக்காதீர்கள்.

இந்தப் புகைச் சான்று பல பெட்ரோல் பங்க்குகளில் பத்து நிமிடத்தில், நூறு ரூபாயை ஒட்டிய கட்டணத்தில் கிடைக்கும். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். சான்று இல்லாத வண்டிக்கு எரிபொருள் இல்லை என்ற நடைமுறையும் 2025 டிசம்பரில் வந்தது. செப்டம்பரிலேயே புதுப்பித்துக்கொள்ளுங்கள்; அறிவிப்பு வந்த மறுநாள் பங்க்குகளில் வண்டிகள் தெருமுனை வரை நிற்கும்.

காரில் போகும்போது கண்ணாடியை ஏற்றி, ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். நெடுந்தூரமானால் அவ்வப்போது ஒரு நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுபவருக்குக் கண் சொருகும்.

8. முகக்கவசம்

துணியும் நீல நிற அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் இங்கே ஓரளவுக்கு மேல் உதவாது. காற்று ஓரங்களில் நுழையும். என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 வாங்குங்கள். நம் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 9473 எண் அச்சிட்டிருக்க வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை இறுக்கமாகப் பொருந்தும். மாட்டிக்கொண்டு ஊதிப் பாருங்கள். கண்பக்கம் காற்று வந்தால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்துங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. கொரோனாக் காலத்தில் வேண்டாம் என்று சொன்ன வால்வு வகை, மாசுக்குத் தாராளமாக உதவும். ஒன்று 30 முதல் 150 ரூபாய். கழுவக் கூடாது. வெளிப்புறம் சாம்பல் நிறமானாலோ பட்டை தளர்ந்தாலோ மாற்றுங்கள்.

9. மருத்துவர், பள்ளி (செப்டம்பர், அக்டோபர்)

வீட்டில் ஆஸ்துமா, மூச்சிரைப்பு, இதய நோய், கர்ப்பம் எது இருந்தாலும் இப்போதே மருத்துவரைப் பாருங்கள். நவம்பரில் அல்ல. ஊரில் பார்த்த மருத்துவரின் பழைய சீட்டுகளையும் மருந்துப் பெயர்களையும் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியவை: தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை எந்த மாதம் தொடங்குவது, திடீரென இழுத்தால் உடனடி நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை அடிக்கலாம், எப்போது அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போடலாமா. விடைகளை எழுத்தில் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். மூச்சு நன்றாக இருக்கிறது என்று தடுப்பு இன்ஹேலரை நாமாக நிறுத்துவதுதான் நவம்பரில் பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. வெல்லம் தின்றால் நுரையீரல் சுத்தமாகும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வெல்லம் இனிப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கு: விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்குக் கேட்கும் மருத்துவர் கடிதம் ஒன்றும், பையில் வைக்கும் இன்ஹேலரைப் பயன்படுத்தலாம் என்ற கடிதம் ஒன்றும் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். கடுமையான கிராப் கட்டங்களில் சிறிய வகுப்புகள் வீட்டிலிருந்தே நடக்கலாம். அறிவிப்பு முந்தைய இரவு வரும். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பக்கத்து வீட்டோடு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

10. நாளின் எந்த நேரம்?

ஊரில் விடியற்காலைக் காற்றுக்குத்தான் பெருமை. இங்கே குளிர்காலத்தில் இரவும் அதிகாலையுமே மிக மோசம். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் நின்றுவிடுவதால் புகை எங்கும் போகாது. வெயில் ஏறியபின், ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை அந்த மூடி உயரும். சன்னலைத் திறப்பது, நடப்பது, குழந்தையை விளையாட விடுவது எல்லாம் அப்போது. பூங்காவில் காலை ஐந்தரைக்கு மூச்சுப் பயிற்சி செய்யும் கூட்டத்தில் சேர வேண்டாம்.

மார்கழி முழுவதும் இந்த மோசமான வாரங்களில்தான் விழுகிறது. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு விடியற்காலையில் போகாமல் இருக்க மனம் வராது. முகக்கவசத்தோடு போங்கள், முதியவர்களையும் இருமும் குழந்தைகளையும் வெயில் நன்றாக ஏறிய பிறகு அழைத்துப்போங்கள். வாசலில் கோலத்தை எண் இறங்கிய பிறகு போடலாம்.

தீபாவளி இங்கே விடியற்காலைப் பண்டிகை அல்ல. லட்சுமி பூஜை முடிந்து இரவில் வெடிப்பார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் துணிகளை எடுத்து, சன்னல்களை மூடி, இயந்திரத்தை உச்சத்தில் வையுங்கள். மறுநாள் நண்பகல் வரை திறக்க வேண்டாம். அப்போதும் எண்ணைப் பார்த்துவிட்டுத் திறங்கள்.

11. புகார்

குப்பை எரிப்பு, மூடாத மணல் குவியல், கட்டுமானப் புழுதி இவற்றைப் படமெடுத்து 'கிரீன் டெல்லி' செயலியிலோ மாநகராட்சியின் 311 செயலியிலோ போடலாம். இடம் துல்லியமாகப் பதிவாகும்படி அங்கே நின்றே எடுங்கள். புகாரைக் கவனிக்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுவார்கள். மறுபடி திறந்து புதிய படம் போடுங்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. புகாரில் அந்த வரியைச் சேர்த்தால் பதில் கொஞ்சம் விரைவாக வருகிறது என்பது என் அனுபவம்.

12. பிப்ரவரிக்குப் பிறகு

மார்ச்சில் இயந்திரத்தை மூட்டைகட்டி மேலே வைத்துவிடாதீர்கள். மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கத்திலிருந்து புழுதிக்காற்று வரும். அது பெரிய துகள், வலையை விரைவில் அடைக்கும். வாரம் ஒருமுறை வலையைக் கழுவி ஓட்டுங்கள். வெயில் உச்சியில் ஓசோன் ஏறும் என்பதால் கோடையில் நேரக்கணக்கு தலைகீழாகும்: நடைக்குக் காலை, நண்பகலுக்கு வீடு. ஹெப்பாவை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். ஆகஸ்ட் சுதந்திர தினத் தள்ளுபடியில் வாங்கி, உறை பிரிக்காமல் வைத்து, அக்டோபர் முதல் வாரத்தில் மாட்டுங்கள். உறையைப் பிரித்துவிட்டு மாட்டுங்கள்.